அண்டா காலியாகத்தான் வரணும்

ஜமால் பாய் போய்விட்டார். நேற்று மதியம். சாயங்காலமே அடக்கமும் முடிந்தது.

கருவடிக்குப்பத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தாரே... அவர்தான். மாசி மகத்தன்று கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் தெரு போடும் சாம்பார் சாதம், இத்தனை வருஷமும் அவர் அண்டாவில்தான் வெந்தது.

முதல் வருஷம் கமிட்டியாக ஏழு பேர் போய் நின்றோம்.

"எத்தினி பேருக்கு?"

"ஐநூறு பேருக்கு, பாய்."

"பேனர் அடிச்சிட்டீங்களா?"

பெருமையாகப் போனில் காட்டினோம். சாமி ஒரு மூலையில் இருந்தார். மீதி இடத்தில் நாங்கள்.

கண்ணாடியை மாட்டி நிதானமாகப் பார்த்தார். "இவ்ளோ பெரிய பேனரா... அப்ப நடு சைஸு அண்டாவே போதும்."

போதுமானதாகத்தான் இருந்தது. சேர்ந்த அரிசி அவ்வளவுதான். அது அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

இரவல் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அதனால் அண்டாவோடு ஒரு தூக்கு சாதமும் பாய்க்குப் போகும்.

ஒரு வருஷம் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். அண்டாவை அடிவரை சுரண்டிவிட்டோம். ஆனாலும் தூக்கு போனது. எங்கள் செல்வம் அதைப் பெருமையாக நீட்டினான்.

"உங்க பங்க மொதல்லயே எடுத்து வெச்சிட்டோம் பாய். கடைசியா சேதராப்பட்டுலேந்து ஒரு அம்மா வந்துச்சு. அதுக்குக்கூட இல்லன்னுட்டோம்!"

பாய் தூக்கைத் திறக்கவில்லை.

"அந்தம்மா எந்தப் பக்கம் போச்சு?"

செல்வத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார். பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டார்கள். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, தூக்கைக் கழுவியும் கொடுத்ததாம்.

திரும்பி வந்து ஒன்றுதான் சொன்னார். "இனிமே அண்டா காலியாதான் வரணும். கழுவுறதுக்கும் ஈஸி."

இன்று காலை கமிட்டி கூடியது. நாளை மறுநாள் மாசி மகம்.

"பாய் போன துக்கம்... இந்த வருஷம் சாப்பாட்ட நிறுத்திடலாம். அவரு படம் போட்டு ஒரு பேனர் மட்டும் வெச்சிடலாம்" என்றான் செல்வம். காய் நறுக்க வேண்டிய அத்தனை பேரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். எல்லோருக்கும் அவர்மேல் அவ்வளவு மரியாதை.

அப்போதுதான் பாயின் மகள் நூர்ஜஹான் எனக்குப் போன் செய்தது.

"அண்ணே, அண்டா எடுக்க எப்ப வர்றீங்க?"

"இல்லம்மா... இந்த நேரத்துல எப்படி..."

"அத்தா போன வாரமே எல்லாத்தையும் கழுவி கவுத்து வெச்சிட்டாரு. எந்த சைஸுன்னுதான் சொல்லல." பிறகு, "பேனர் அடிச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப பெருசையே எடுத்துட்டுப் போங்க."

எடுத்து வந்துவிட்டோம். நாலு பேர் தூக்க வேண்டியிருந்தது. பேனர் கிடையாது. செல்வம் அரிசிக்கு வீடு வீடாகப் போயிருக்கிறான்.

போய் வாங்க பாய்... காலியா கொண்டாந்து வெக்கிறோம்.