மச்சாளின் சைக்கிளுக்கு அடித்த காற்று

எங்கள் மாட்டுக் கொட்டிலின் கூரை வளையில் ஒரு சைக்கிள் பம்ப் இன்னும் தொங்குகிறது. இரண்டு இடப்பெயர்வு கண்டது. உள்ளே காற்றைத் தள்ளும் வாசர், ஐயாவின் பழைய செருப்புத் தோலில் வெட்டித் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்கு ரயர், ரியூப் எதுவும் வராத தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் ஒழுங்கையில் ஒழுங்காகக் காற்றடித்த பம்ப் அது ஒன்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பக்கத்து வளவில் மாமாவின் மகள், என் மச்சாள். என் வயதுதான், கணக்கில் புலி. சாவகச்சேரிக்கு ரியூசனுக்குச் சைக்கிளில் போவாள். அவளுடைய பின் ரயர் தேய்ந்து நூல் தெரிந்தது. “ரயர் இருக்குமட்டும் போ பிள்ளை. பிறகு வெளிநாட்டுச் சம்பந்தம் ஒண்டு பாப்பம்” என்று மாமா சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மாசி, அறுவடை முடிந்த வயலில் வாசிகசாலைப் பெடியள் சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். அரிதாளுக்கு மேலால் ஓடி ஏழு வரம்பு பாயவேண்டும். பெட்டையளுக்கும் ஒரு ஓட்டம். பரிசு, யாரோ வவுனியாவிலிருந்து பாடுபட்டுக் கொண்டுவந்த புது ரயரும் ரியூப்பும். மச்சாள் மட்காட், கரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தாள். காற்றடிக்க என்னிடம் வந்தாள்.

ஒட்டுப்போட்ட ரியூப்புக்கு உச்சி வெயிலில் இறுக்கிக் காற்றடிக்கக்கூடாது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வரம்பு பாய ரயர் இறுக்கமாக இருக்கவேண்டும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. அவள் குனிந்து பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்தாள். என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு ஏறினாள்.

ஆறு வரம்பிலும் அவள்தான் முன்னுக்கு. ஏழாவதில் வெடித்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்றாவதாகத்தான் வந்தாள்.

“வெயிலுக்கு வெடிச்சிட்டுது” என்றேன்.

“ஓம் மச்சான்” என்றாள்.

வருடம் திரும்பமுதல் அவளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பொய் எனக்குள்ளேயே கிடந்தது.

போன ஆடியில் மகனோடு வந்தாள். அவன் அங்கே பி.எம்.எக்ஸ் ஓட்டக்காரனாம், மண்மேடுகளில் பாய்ந்து பாய்ந்து ஓடும் போட்டி. சின்னச் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கொண்டுவந்திருந்தான். முறைக்கு நான் அவனுக்குச் சித்தப்பா. அவன் ‘அங்கிள்’ என்றான்.

“சித்தப்பாட்டைக் குடு, அவர் காத்தடிப்பார்” என்றாள் மச்சாள். எங்கள் பம்ப் பொருந்துவதற்கு அவன் வால்வில் சின்ன வாய் ஒன்றைப் பூட்டித் தந்தான். நான் அடித்தேன். அவள் குனிந்து பெருவிரலால் அமத்தினாள்.

“காணும் மச்சான், நிப்பாட்டும்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அண்டைக்கும் எனக்குத் தெரியும், காத்துக் கூடிப்போச்செண்டு.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“நீர் அவ்வளவு ஆசையா அடிச்சுக்கொண்டு நிண்டனீர். நிப்பாட்டச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை.”

பம்பைத் திரும்ப வளையில் கொழுவினேன். பெடியன் வயலுக்குள் இறங்கி வரம்பு பாய்ந்தான். நாங்கள் இருவரும் வேலியடியில் நின்று, ஏழுமட்டும் எண்ணினோம்.