சென்ட் லோரன்ட் வாசலோடு நின்ற தீர்த்தம்

வியாழன் காலை ஏழரை மணிக்கு லாசாலில் மகள் வீட்டிலிருந்து இறங்கினோம். மன்னாரிலிருந்து நான் மொன்றியலுக்கு வந்ததே அவளை மறிக்கத்தான். சண்டை நடக்கிற ஒரு நாட்டிலே, நோய்க்கிருமிகளைச் சோதிக்கிற ஆட்களுக்கு அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கப் பழக்குவதற்கு, ஞாயிற்றுக்கிழமை நிர்மலா புறப்படுகிறாள். நான் வேண்டாமென்றால் மீறமாட்டாள். அப்படித்தான் வளர்த்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லமுதல் என்ர வேலையை ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா" என்றாள். சரியென்றேன்.

அங்ரீன்யோனில் மெற்றோ ஏறினோம். இந்த நகரத்து முதியவர்களுக்கு இலவசம். வந்துபோகிறவளான எனக்கு மூன்று டொலர் எழுபத்தைந்து சதம். லியோனல் குரூவில் மாறி, கோட் வெர்ட்டுவில் இறங்கி, பிறகு பஸ். வெளியே முழங்கால் மட்டும் பனி. உள்ளே எல்லோரும் கோட்டைத் திறந்துவிட்டு வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சண்டைக்குள்ள கிருமியை ஆர் பிள்ளை பாக்கிறது?"

"அதுக்குத்தானே அம்மா போறன். குண்டு விழுந்து குளிர்பெட்டி உடைஞ்சால் கிருமி வெளியால வரும். ஓடவேண்டி வந்தால் எதை முதல் அழிக்கிறது, முகாமில வயித்தோட்டம் துவங்கினால் உடனே எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, இதுகளைத்தான் பழக்கிறம்."

"நீ ஓடவேண்டி வந்தால்?"

அவள் எழும்பி, பஸ் மணியை அழுத்தினாள்.

ஒன்பது மணிக்கு சென்ட் லோரன்டில், பண்டசாலைகளுக்கு நடுவே அவள் வேலைசெய்கிற ஆய்வுகூடக் கட்டடம். வாசலில் காவல்காரர் என் பையைத் திறந்தார். அவளுடைய மேசையில் தெளிக்கலாமென்று, எங்கள் மாதா கோயில் தீர்த்தத்தைப் பழைய மருந்துப் போத்திலில், ஒட்டியிருந்த கடதாசியை உரித்துவிட்டுக் கொண்டுவந்திருந்தேன். அவர் உடனே கையுறை போட்டார்.

"பேரில்லாத தண்ணி உள்ள போகேலாது அம்மா. இதுதான் எங்கட முதல் பாடம்" என்றாள் மகள்.

"இது ஆயர் மந்திரிச்சது."

"ஆயர் வந்தாலும் கைகழுவிப்போட்டுத்தான் உள்ள விடுவம்."

எனக்குச் சுருக்கென்றது. காவல்காரர் ஹெயிட்டி நாட்டுக் கத்தோலிக்கராம். என்னவென்று மகள் சொன்னதும் தொப்பியைக் கழற்றினார். போத்திலை மட்டும் உள்ளே விடவில்லை.

உள்ளே, அந்தச் சண்டை நாட்டிலிருந்து பழக வந்த டாக்குத்தர் பெண் ஒருத்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதை நிர்மலா தமிழில் சொன்னாள்:

"ஆஸ்பத்திரி இடிஞ்சபிறகு, கிருமி பாக்கிற வேலையை ஒரு பள்ளிக்கூடத்துக்க வைச்சிருக்கினமாம். அதைச் சரியாக்கித்தர நான் வாறதுக்கு, உங்களுக்கு நன்றியாம்."

நான் இன்னும் விடவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய நாளொன்று நினைவில் வந்து மறித்தது.

எங்கள் சண்டைக் காலத்தில், சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் இரண்டு பக்கமும் வெடியை நிறுத்துவார்கள். அப்படியொரு நாளில் ஐஸ் பெட்டியோடு சைக்கிளில் வந்தவள்தான் கைக்குழந்தை நிர்மலாவின் வாயிலும் இரண்டு சொட்டு விட்டாள். ஆரென்று இன்றுவரை தெரியாது. அவளுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். வாசலில் நின்று மறித்திருக்கலாம். மறிக்கவில்லை.

"என்ர மகள் ஞாயிற்றுக்கிழமை வருவாளெண்டு டாக்குத்தருக்குச் சொல்லு பிள்ளை" என்றேன்.

அந்த ஒரு வரியைச் சொல்ல நிர்மலாவுக்குக் கனநேரம் எடுத்தது.