பெட்டிக்குள் இருந்த மாமா

என் மாமனாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நடிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிணமாக.

உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில், அதுவரை கதையில் தலையே காட்டாத ஒரு பெரியப்பா, சொத்துத் தகராற்றைத் தொடங்கிவைப்பதற்காகவே செத்துப்போவார். அந்தச் சாவு வீட்டை புக்கிட் மேராவில் மாமா குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் படம் பிடித்தார்கள். பிணமாக வரவேண்டியவர் வரவில்லை. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றிருந்த மாமா கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநருக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. இதை மாமா பெருமையாகத்தான் சொல்வார்.

அந்த அத்தியாயம் ஒளிபரப்பானபோது கேபிள் பெட்டியில் பதிவு செய்து வைத்தார். பெட்டி நிரம்பியபோதெல்லாம் கிரிக்கெட்டை அழித்தார், பாட்டுப் போட்டியை அழித்தார், தன்னை அழிக்கவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் போட்டுக் காட்டுவார். சவப்பெட்டி திரையில் வந்ததும் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். அந்தக் காட்சியை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பழைய பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளும்படி கேபிள் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. பதிவுகளைப் புதிய பெட்டிக்கு மாற்ற முடியாதாம். மாமா உடனே எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, என்னைப் பெட்டியிலேருந்து எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டுடுங்க."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அப்பா, இப்படியெல்லாம் போன்ல பேசாதீங்க" என்றாள்.

நான் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கணக்குப் பிரிவில். கல்யாணமான நாளிலிருந்து மாமா வீட்டில் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை போனேன். பெட்டியின் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். பெட்டி அதை ஏற்றுக்கொண்டு மாமாவை அதில் ஏற்றியது. கணினியில் செருகியபோது, இதில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக அழித்துவிடட்டுமா என்று கேட்டது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிறுவனத்துக்குப் போன் செய்தோம். பேசிய பெண் தமிழ்ப் பெண்ணாகவே அமைந்தாள்.

"அந்தப் பெட்டியில பதிஞ்சது அந்தப் பெட்டியில மட்டுந்தான் சார் ஓடும்."

"அப்ப அந்தப் பெட்டிய நானே வெச்சுக்கிறேன்."

"அது எங்க பெட்டி சார்."

"உள்ள இருக்கிறது நான்லா" என்றார் மாமா.

அந்தப் பெண், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு அப்படியே ஜாலான் புசார் கடைவீதி வரை நடந்தேன். ஒரு மின்சாமான் கடையில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். "இந்தப் பக்கம் டிவி பெட்டி, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். அவ்ளோதாண்ணே" என்றார் கடைக்காரர்.

மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினேன். சத்தம் வந்தது. படம் வரவில்லை. திரை கருப்பாகவே இருந்தது. நகல் எடுக்க முடியாதபடி பெட்டியிலேயே ஏதோ பூட்டு இருக்கிறதென்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தப் பூட்டு படத்தை மட்டும் தடுத்தது, ஒப்பாரியைத் தடுக்கவில்லை.

ஒயரை மாற்றினேன், வேறு துளையில் செருகினேன், கணினியை அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் காட்சியை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏழெட்டுப் பெண்கள், "எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று கதறினார்கள். சத்தத்தைக் கூட்டினால் படமும் வந்துவிடும் என்று மாமா நம்பினார். கூட்டினார். வாசல் கதவு திறந்தே கிடந்தது.

அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து நின்றார். வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார். கையில் ஒரு தகர டப்பா பிஸ்கட். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, தணிந்த குரலில் மாமாவிடம் கேட்டார்.

"அங்கிள், ஹூ பாஸ்ட் அவே?"

"மீ லா" என்றார் மாமா.

ஆன்ட்டி அத்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டு முடித்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார். நானும் பார்க்கிறேன் என்றார்.

வேறு வழியில்லாமல், தொலைக்காட்சித் திரையைக் கைத்தொலைபேசியாலேயே படம் பிடிப்பதென்று முடிவு செய்தேன். பிஸ்கட் டப்பாவை முக்காலியில் வைத்து, அதன்மேல் போனைச் சாய்த்து நிறுத்தினேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். யாரும் பேசக் கூடாது என்றேன். அடுப்பில் குக்கர் இருந்தது. விசில் பதிவாகிவிடும் என்று அதையும் அணைக்கச் சொன்னேன். வேலை இல்லாமல் போன அத்தை, அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

திரையில் மாமா மாலையோடு படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. சுற்றிலும் அழுகை. மாமாவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஆன்ட்டியிடம் குனிந்து, "ஸீ, நோ ப்ரீதிங். டைரக்டர் ஆல்ஸோ ஸ்கேர்ட்" என்றார்.

"வயிறு ஏறி எறங்குது" என்றார் அத்தை.

மாமா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். எல்லோரும் முன்னால் நகர்ந்து பார்த்தோம். மாலை மெல்ல மேலே போய் மெல்லக் கீழே வந்தது.

"அது காத்து" என்றார் மாமா.

"காத்து ஒங்க வயித்துல மட்டுமா அடிக்குது?"

ஆன்ட்டிக்கு மொழி புரியாவிட்டாலும் மாலை புரிந்தது. அவர்தான் முதலில் சிரித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க மாப்ள."

போட்டேன். மாமா முகம் தொங்கிப்போயிருந்தது. "கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப அந்த எடத்த மட்டும் வெட்டிடுங்க" என்று என் காதருகே சொன்னார்.

அத்தைக்குக் கேட்டுவிட்டது. "அத வெட்டக் கூடாது. மத்ததையெல்லாம் வேணா வெட்டிக்குங்க" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "நெசமாவே செத்த மாதிரி இருக்குமோன்னு பயந்துக்கிட்டு, இத்தன நாளும் நான் பாக்கல" என்றார்.

மாமா எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

நான் எதையும் வெட்டாமல் அப்படியே மாமாவின் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். ஆன்ட்டியின் சிரிப்பு, என் தும்மல் எல்லாமே அதில் இருக்கின்றன. பழைய பெட்டியை அந்த வாரமே திருப்பிக் கொடுத்தோம்.

போன மாதம் அங்கே போனபோது மாமா சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்தார். "கம்ப்யூட்டர்ல நியூஸ் பாக்க விடமாட்டேங்கிறா, சாப்பிட்டதும் அதுல போய் உக்காந்துக்கிறா" என்று என்னிடம் முறையிட்டார். அத்தை மவுஸைப் பிடித்தபடி, திரையில் மாலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன்.

"நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். அவங்க அழுவுறத எதுக்குக் கேக்கணும்?" என்றார் அத்தை.