கவர்னரின் தங்கை

எங்கள் நைனா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், சித்தூர் கோர்ட்டில் டவாலி. வழக்கு எடுக்கப்படும்போது வராந்தாவில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூவி அழைப்பது அவர் வேலை. மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கத்த வேண்டியதையெல்லாம் அங்கேயே கத்தித் தீர்த்துவிட்டு வருகிறார் என்று அம்மா சொல்வாள்.

அதே கோர்ட்டில்தான் அண்ணன் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு முதல் வழக்கை நடத்தினார். அன்றும் பெயரைக் கூவியது நைனாதான். சாயங்காலம் அம்மா, "புள்ள எப்டி பேசனான்?" என்று கேட்டதற்கு, "நான் வெளிய நின்னுக்கினு இருந்தேன், ஒண்ணும் கேக்கல" என்றார். கேட்டிருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

அண்ணன் ஐதராபாத் போய் ஐகோர்ட்டில் வக்கீலாகப் பெயர் எடுத்ததை நைனா பார்த்தார். நீதிபதி ஆனதைப் பார்க்கவில்லை. பதவியேற்புக்கு அம்மாவும் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பெரிய மண்டபம். அண்ணன் ஆங்கிலத்தில் உறுதிமொழி வாசித்தபோது அம்மா என் காதருகே, "அவங்க அப்பா குரல் மாதிரியே கீது" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருந்தும் ஆமாம் என்றேன்.

அதன் பிறகு அண்ணன் மாறிப்போனார் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். எனக்கும் அது வலித்தது. ஆனால் அவர் மாறவில்லை, விலகினார் என்று இப்போது நினைக்கிறேன். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் ஆட்கள் சித்தூர் வீட்டுக்கு வருவார்கள். ஒருவருக்கு மகனின் ஜாமீன், இன்னொருவருக்கு வரப்புத் தகராறு. மகனிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சுவார்கள். அம்மா எல்லோருக்கும் சோறு போடுவாள். "துன்னுட்டு போங்க. அவன்கிட்ட இத பேசனா அவன் இந்த வீட்டுக்கே வரமாட்டான்" என்பாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போதே வசை பாடிக்கொண்டு போவார்கள்.

எங்களுக்கும் ஒரு வழக்கு வந்தது. சத்தியவேடு பக்கம் என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பா வழியில் வந்த நிலம். அதில் நாங்கள் மா வைத்திருந்தோம். அவருடைய பெரியப்பா பிள்ளைகள் அது தங்களுக்குத்தான் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். கீழ்க் கோர்ட்டில் நாங்கள் ஜெயித்தோம். அவர்கள் ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள். வழக்கு வேறொரு நீதிபதியிடம்தான் போனது. இருந்தாலும் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"பாப்பா, கேஸ் முடியற வரைக்கும் நீ ஐதராபாத் வராத. நானும் உன் வீட்டுக்கு வரமாட்டேன். போனும் வேணாம்."

"நான் கேஸ் பத்தி உன்கிட்ட பேசவே மாட்டேன் ணா."

"நீ பேசமாட்ட. எனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்குத் தெரியாது இல்ல."

வழக்கு பல வருஷம் இழுத்தது. அண்ணி புற்றுநோயில் இறந்தது அந்தக் காலத்தில்தான். சாவு வீட்டில் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். பேசினால் தப்பாகிவிடுமோ என்ற பயம் அங்கேயும் என்னை விடவில்லை. அவருடைய ஒரே மகள் வெளிநாட்டிலிருந்து வந்து, பத்தாம் நாள் முடிந்ததும் திரும்பிப் போனாள். அந்தப் பெரிய பங்களாவில் அவர் தனியாக இருந்தார்.

கடைசியில் நாங்கள் தோற்றோம். நிலம் போனது. என் வீட்டுக்காரர் நாயுடுபேட்டையில் ஒரு தொழிற்சாலைக் குடோனில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் ஒரு நாளும் அண்ணனைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். மாங்காய் சீசனில் மட்டும் சந்தைப் பக்கம் போகமாட்டார்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் சித்தூர் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்தச் சில மாதங்கள் எங்கள் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். நான் வாராவாரம் பஸ் ஏறிப் போய்விடுவேன். அம்மா, நான், அண்ணன் மூவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அத்தனை வருஷம் மேஜையில் சாப்பிட்டவருக்கு முழங்கால் மடங்காது. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார். ஒரு நாள் என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். அண்ணன் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "மாப்ள, அந்தத் தீர்ப்ப நான் படிச்சேன். சட்டப்படி அது தப்பில்ல" என்றார். என் வீட்டுக்காரர், "சரிங்க மாமா" என்றார். இரண்டு பேரும் அன்று வெகுநேரம் வாசலில் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு டில்லியிலிருந்து போன் வந்தது. வடகிழக்கில் ஒரு மலை மாநிலத்துக்கு அண்ணனைக் கவர்னராகப் போட்டிருந்தார்கள். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். தெலுங்குக்காரர்கள், தமிழ்க்காரர்கள் எல்லோரும் சால்வையோடு வந்தார்கள். அம்மா மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"கவர்னர்னா என்ன வேல பா?"

"கையெழுத்து போடற வேல மா. ராஜாங்கம் வேற ஆளுங்க பண்ணுவாங்க. நான் கையெழுத்து போடுவேன்."

"யாருக்கும் தண்டன குடுக்க வேணாமா?"

"வேணாம்."

"அப்ப சரி, போய்ட்டு வா. இனிமே உன்ன யாரும் சபிக்கமாட்டாங்க."

போகும் அன்று நான் அவரிடம் தனியாகக் கேட்டேன். "முடியாதுன்னு சொல்லக் கூடாதா ணா? இப்பதானே வந்த."

"சும்மா உக்காந்தா என்னென்னமோ ஞாபகம் வருது பாப்பா" என்றார். எந்த ஞாபகம் என்று நான் கேட்கவில்லை. அண்ணியா, யாருக்கோ எழுதிய தீர்ப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

அம்மாவை அழைத்துப் போகத்தான் நினைத்தார். குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்கு ஒரு அம்மாளை வைத்தோம். காலையில் வீடியோவில் அண்ணனைப் பார்ப்பாள் அம்மா. பின்னால் நிற்கும் சீருடைக்காரரைக் காட்டி, "அவரையும் உக்காரச் சொல்லு, பாவம்" என்பாள்.

அம்மா இறந்தபோது நான் விசாகப்பட்டினத்தில் இருந்தேன். மகளுக்குப் பிரசவம். குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் சித்தி மகன் போன் செய்தான். அம்மா மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றான். கிடைத்த ரயிலில் ஏறினேன். மறுநாள் காலை ரேணிகுண்டாவில் இறங்க வேண்டியது. வண்டி வழியில் எங்கெங்கோ நின்று மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரு டாக்சி பிடித்துச் சித்தூர் போகச் சொன்னேன்.

விமான நிலையத்திலிருந்து வரும் மெயின் ரோட்டுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார்கள். கயிறு கட்டியிருந்தது. முன்னால் லாரி, பஸ், திருமலையிலிருந்து திரும்பும் மொட்டைத் தலைக்காரர்கள் நிறைந்த வேன். இறங்கிப் போய்ப் போலீஸ்காரரிடம் கேட்டேன்.

"கவர்னர் காரு வஸ்துன்னாரம்மா. ஆகண்டி" என்றார். கவர்னர் வருகிறார், நில்லுங்கள்.

செத்துப்போனது என் அம்மா, வருகிறவர் என் அண்ணன் என்று தெலுங்கில் சொன்னேன். அவர் என் கசங்கிய புடவையையும் ரயிலில் வந்த முகத்தையும் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. "போய் வண்டில உக்காருங்கம்மா, வெயிலா இருக்கு" என்று அன்பாகவே சொன்னார். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

அண்ணனின் போன் அவருடைய அதிகாரியிடம் இருந்தது. "சார் வண்டியில் இருக்கிறார், சொல்கிறேன்" என்றார். சித்தி மகனைக் கூப்பிட்டேன். "எடுக்க வேணாம்னு சொல்லுடா, நான் வந்துக்கினே கீறேன்" என்றேன். "சொல்றேன் க்கா" என்றான். அவன் பக்கத்தில் ஒரே வயர்லெஸ் சத்தம்.

கார்கள் வந்தன. சைரன், கறுப்புக் கண்ணாடிகள், நடுவில் கொடி பறக்கும் ஒரு வண்டி. என்னைக் கடந்துபோக ஒரு நொடிதான் ஆனது. உள்ளே அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்பதுகூடத் தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்த பிறகு அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. திருப்பதியைத் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது.

சித்தூரில் எங்கள் தெருவுக்குள் வண்டியை விடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் பூ சிதறிக் கிடந்தது. உள்ளே பெண்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரோ என் கையிலிருந்த பையை வாங்கினார்கள்.

சுடுகாட்டிலிருந்து அண்ணன் ஈர வேட்டியோடு வந்தார். பின்னால் கலெக்டர், போலீஸ் அதிகாரிகள்.

"எப்ப வந்த? உன் வண்டி லேட்டு, வரமாட்டேன்னு சொன்னாங்களே" என்றார்.

"வந்துட்டேன் ணா. ரேணிகுண்டாவுல நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"போலீசு. கவர்னர் வராருன்னு."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கலெக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அண்ணன் வந்து என் பக்கத்தில், ஈரத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, போன் வைத்திருந்த அந்த அதிகாரி மெல்ல வந்து விமான நேரத்தைச் சொன்னார். மறுநாள் அங்கே சட்டசபை கூடுகிறது, கவர்னர் உரை. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். இரு என்று நான் சொல்லியிருந்தால் இருந்திருப்பார். "போ ணா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில் எப்போதும் அவரை அப்படித்தான் அனுப்பிப் பழகியிருந்தோம்.

சில வாரம் கழித்து அரசாங்கத்துப் போட்டோக்காரர் எடுத்த படங்கள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அண்ணன் குனிகிறார், மந்திரி கும்பிடுகிறார், கலெக்டர் மலர்வளையம் வைக்கிறார். ஒன்றிலாவது அம்மா முகம் தெரியும் என்று தேடினேன். எல்லாவற்றிலும் ஒரு தோளோ பூவோ மறைத்திருந்தது.

பதவிக் காலத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் அண்ணன் திரும்பினார். இப்போது சித்தூர் வீட்டில் இருக்கிறார். வாசலில் ஒரு காவலர் மட்டும். முழங்கால் மோசமாகிவிட்டது, வலது காது சரியாகக் கேட்பதில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது, மத்தியானச் சாப்பாடு முடிந்து சும்மா உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாள் கேட்காததை அன்று கேட்டேன்.

"அம்மா மொகம் எப்டி இருந்துச்சு ணா?"

நல்லபடியாக இருந்தது, தூங்குவதுபோல் இருந்தது என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நானும் சரியா பாக்கல பாப்பா" என்றார். "நான் போறதுக்குள்ள மாலையா போட்டு மூடியிருந்தாங்க. எடுத்துட்டு பாக்கணும்னு கை போச்சு. பக்கத்துல மந்திரி இன்னொன்னு வெச்சாரு. கேமராவெல்லாம் நின்னுக்கினு இருந்துச்சு. கால மட்டும் தொட்டேன்."

"கால் எப்டி இருந்துச்சு?"

"சில்லுன்னு. குதிகால் வெடிச்சிருந்துச்சு. யாரோ மஞ்சள் பூசியிருந்தாங்க, வெடிப்புக்குள்ள போவல."

அம்மாவுக்குப் பனிக்காலத்தில் அந்த வெடிப்பில் ரத்தம் வரும், வேப்பெண்ணெய் தடவிவிடுவேன் என்று சொன்னேன். எந்தக் காலில் அதிகம் என்று கேட்டார். இடது கால் என்றேன். அவர் இல்லாத வருஷங்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு, கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, சாயங்காலப் பஸ்ஸுக்கு நான் கிளம்பும் வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.