ஆறு வாரம்

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு நான் லேபர் கேம்ப் என்ற தமிழர் பகுதியில் என் தங்கை வீட்டில் இருப்பேன். அவள் ஆராதனை முடிந்து வந்து, கறிக்குழம்பைச் சூடாக்கி, எனக்கும் தன் கணவருக்கும் பரிமாறிவிட்டு, தான் உட்காரும் முன்பே விவாதத்தைத் தொடங்கிவிடுவாள். இருபத்திரண்டு வருடம் இப்படி நடந்தது. சர்ச்சுக்குப் போவதை நான் இருபது வயதில் நிறுத்தினேன். யாரோடும் சண்டை போட்டு நிறுத்தவில்லை. ஒரு ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை, அப்படியே நின்றுபோனது.

எனக்கு வீடு அணுசக்தி நகர் குடியிருப்பில். வேலை, தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்க்கும் பிரிவில். ஒரு கருவி காட்டும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. தங்கைக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று.

"ஏண்ணே, ஒந் தராசு சரியா இருக்கான்னு எத வச்சுப் பாக்க?"

"எடைக்கல்லு வச்சு."

"அந்தக் கல்லு சரியா இருக்கான்னு?"

"அதுக்கு மேல ஒரு கல்லு, டெல்லில இருக்கு."

"அதுக்கும் மேல?"

"வெளிநாட்டுல ஒண்ணு இருக்கு."

"பாத்தியா! கடைசிக் கல்ல ஒருத்தனும் நிறுத்துப் பாக்கல. நம்பத்தான செய்யுதிய? நான் நம்பினா மட்டும் மூடநம்பிக்கையா?"

"எங்க கல்லு தப்பாப் போச்சுன்னா கண்டுபிடிக்க வழி வச்சிருக்கோம். ஒன் ஆண்டவர்கிட்ட அந்த வழி எங்க? நடந்தா அவர் செஞ்சாரு, நடக்கலன்னா அவர் சித்தம். எது நடந்தா நீ அவர் இல்லன்னு ஒத்துக்கிடுவ?"

இந்த இடத்தில் வழக்கமாக அவள் கணவர் குறுக்கிடுவார். "அரே, பஸ் கரோ, போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். கொழம்பு ஆறுது." அவருக்கு இரண்டு கட்சியும் வேண்டாம், சாப்பாடு வேண்டும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது முடிந்தபோது சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். ஆறு முறையும் நான்தான் கூடப் போனேன். அறிக்கைகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் கோத்து வைத்தேன். தனியாக ஒரு நோட்டும் போட்டேன். மருந்தின் பெயர், ஏற்றத் தொடங்கிய மணி, முடிந்த மணி, நோயின் அளவை அறிய ரத்தத்தில் அவர்கள் பார்க்கும் எண், பத்துக்கு எவ்வளவு வலி, என்ன சாப்பிட்டாள் என்று அதில் எழுதிவந்தேன்.

மூன்றாவது முறை மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நோட்டை எட்டிப் பார்த்தாள். "எல்லாத்தையும் எழுதுத. நான் என்ன ஜெபிச்சேன்னு அதையும் ஒரு பக்கம் எழுது. பாப்போம், யாரு ஜெயிக்கான்னு." நான் அளவுகோல் வைத்து இன்னொரு கட்டம் கிழித்தேன். 'சாப்பாடு இறங்கணும்.' 'ஊசி குத்துற நர்ஸுக்கு நரம்பு சட்டுனு கிடைக்கணும்.' அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்.

ஆறாவது முறைக்குப் பிறகு எண் இறங்கி, இருக்க வேண்டிய அளவுக்கு வந்துவிட்டது.

அவர்கள் சபையில், நோய் நீங்கியவர் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சாட்சி சொல்வது வழக்கம். சிலர் கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள் என்பதால், டாக்டர் ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் பாஸ்டர் மைக்கைக் கொடுப்பார். தங்கைக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "ஒனக்குப் பிடிச்ச மாதிரி ஆதாரத்தோட சொல்லுதோம்ண்ணே. நீயே வந்து ரிப்போர்ட்ட வாசி. நம்பாதவன் வாசிச்சா அதுக்குக் கனம் ஜாஸ்தி."

ஒரு சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் போனேன். இரும்பு ஏணி ஏறிப் போகும் மாடி அறை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், மூன்று மின்விசிறிகள். முடி கொட்டிய தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் பத்து நிமிடம் பேசினாள். வாக்கியத்துக்கு வாக்கியம் கூட்டம் 'ஸ்தோத்திரம்' என்றது. பிறகு நான் எழுந்து முதல் அறிக்கையின் எண்ணையும் கடைசி அறிக்கையின் எண்ணையும் வாசித்தேன். அப்போதும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். நான் உட்காரவில்லை. அறுவை சிகிச்சை எத்தனை மணி நேரம் நடந்தது, என்ன மருந்துகள், எத்தனை முறை என்று வரிசையாக வாசித்தேன். "இதையும் சாட்சியில சேக்கணும்," என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். "எண் எறங்குனத ஆதாரம்னு சொல்லுதிய. நாளைக்கு ஏறுனா அதையும் ஆதாரம்னு ஒத்துக்கணும். ஏறுனாலும் நான் எழுதத்தான் செய்வேன்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டு ஒரு பாட்டைத் தொடங்கினார். தங்கை தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கி வந்ததும் சொன்னாள்: "நீ சொன்னதுல தப்பு ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டாம்."

அன்று நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார் டாக்டர். இடையில் வயிறு உப்பினாலோ, வலித்தாலோ, பசி குறைந்தாலோ உடனே வரச் சொன்னார். ஞாயிறுதோறும் நான் அந்த மூன்று கேள்விகளையும் அதே வரிசையில் கேட்டேன்.

"வயிறு உப்புசம்?"

"இல்ல."

"வலி?"

"இல்லண்ணே."

"பசி?"

"நல்லா இருக்கு. கஸ்டம்ஸ்காரன் மாதிரி கேக்கான் பாருங்க," என்று கணவரைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் சிரிக்க மாட்டார். கடவுளைப் பற்றிய பேச்சே அந்த வீட்டில் நின்றுபோயிருந்தது. அவளுக்கு இன்னும் அசதி தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று நாற்பதுக்கு, அலுவலகத் தொலைபேசியில் அவள் கணவர் அழைத்தார்.

"மச்சான், கொஞ்சம் வாரியளா? அவளுக்கு வயிறு வீங்கிக் கெடக்கு. மூச்சு வாங்குது."

"எப்ப இருந்து?"

"மொதல்ல வாங்க மச்சான்," என்றார். திரும்பவும் கேட்டேன்.

"ஆறு வாரம் இருக்கும், மச்சான்."

"ஏன் சொல்லல மாப்ள?"

"சத்தியம் வாங்கிட்டா. 'அண்ணங்கிட்ட சொல்லாதீய, நோட்டுல எழுதிருவான்'னு."

ஃபைல் என்னிடம் இருந்தது. அது இல்லாமல் ஆஸ்பத்திரியில் முதல் கவுன்டரைக்கூடத் தாண்ட முடியாது. என்னிடம் கேட்காமல் அவர்கள் டாக்டரைப் பார்த்திருக்க வழியில்லை. அந்த ஆறு ஞாயிறுகளிலும் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொன்னாள், நான் பன்னிரண்டு தடவை 'இல்லை' என்று எழுதினேன்.

வயிற்றில் சேர்ந்திருந்த நீரை எடுத்தார்கள். நோய் பரவிவிட்டது என்றார் டாக்டர். அவரை நடைபாதையில் நிறுத்தி, ஆறு வாரம் முன்பே வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது. ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம்." கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். பதில் மாறவில்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எழுதிட்டியா?"

"நோட்டு கொண்டு வரல."

"நீ எழுதுறதுக்கு நான் பயப்படலண்ணே. எழுதிட்டன்னா, ஆண்டவர் தோத்துட்டாருன்னு முடிவு பண்ணிருவ. அப்புறம் நீ அவர்கிட்ட வரவே மாட்ட. கொஞ்ச நாள்ல தானா சரியாயிரும்னு நெனச்சேன். சரியாயிட்டா ஒனக்குத் தெரியவே வேண்டாம்லா?"

இருபத்திரண்டு வருட விவாதத்தில் அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அதை வெறும் விவாதமாக வைத்திருந்தேன்.

பிறகு கேட்டாள்: "முன்னாலேயே சொல்லியிருந்தா பொழச்சிருப்பேனா?"

"இல்லம்மா. ஒண்ணும் மாறியிருக்காது."

"டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்படியேவா சொன்னாரு? நீ சும்மா சொல்ல மாட்டியே."

"அப்படியேதான் சொன்னாரு."

"அப்ப சரி," என்றாள். தலையணையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஆறு பத்துக்கு இறந்தாள்.

அடக்கம் முடிந்து டாக்ஸியில் திரும்பும்போது அவள் கணவர் என் பக்கத்தில் இருந்தார். சட்டையில் இன்னும் மண் இருந்தது. ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்.

"மச்சான், டாக்டர் நெசமாவே அப்படிச் சொன்னாரா? மொதல்லயே போயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு?"

"ஆமா மாப்ள."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, டாக்ஸி சயான் பகுதிக்கு வரும்வரை அழுதார்.

எங்கள் குடியிருப்பிலேயே எனக்குத் தெரிந்த டாக்டர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஃபைலைக் காட்டி அந்த ஆறு வாரத்தைப் பற்றிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லக்கூடும். வாரத்தில் இரண்டு நாளாவது படிக்கட்டில் அவர்களைப் பார்க்கிறேன். வணக்கம் சொல்லிவிட்டு மேலே ஏறிவிடுகிறேன்.