சத்தமில்லாமல் சுற்றிய பேன்

பேய் பிசாசுன்னு யாராச்சும் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிடற ஆளுங்க நான். ஆயுத பூசைக்கு லேப் இஞ்சினுக்குச் சந்தனம் வெச்ச அட்டெண்டரையே ஒரு வாரம் கிண்டல் பண்ணுனவன். அதனாலதான் இதைச் சொல்லவே கூச்சமா இருக்குது. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கங்க.

நாமக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல விமானப் படிப்புக்கு வாத்தியார் நான். எங்க லேப்ல பழைய ஜெட் இஞ்சினோட முன்பக்கம் மட்டும் இருக்குது. ஆளு உசரத்துக்குக் காத்தாடி மாதிரி ஒரு பெரிய பேன், அவ்வளவுதான். பின்னாடி எரியற பாகமெல்லாம் கெடையாது, மோட்டாரும் கெடையாது, கையால தள்ளுனாத்தான் சுத்தும்.

இந்த வருச அட்மிசன் சமயத்துல மோகனூர்ல இருந்து கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர் மகளைக் கூட்டிட்டு வந்தாருங்க. பொண்ணு பேரு தாரணி. அதுக்கு இந்தப் படிப்புன்னா உசுரு, அவருக்குத்தான் மனசில்லை. "ஊட்டுல எல்லாரும் வேண்டாங்கறாங்க. நீங்க தெகிரியம் சொன்னா சேத்துடறேனுங்க"ன்னாரு. வாங்கன்னு லேபுக்குக் கூட்டிட்டுப் போனேன். மத்தியான நேரம், கரண்ட் வேற இல்லை.

எனக்கு வாய் நிக்குமா? இந்த பேன் இழுக்கற காத்துல கொஞ்சந்தான் உள்ள போயி எரியுது, மீதியெல்லாம் இஞ்சினைச் சுத்தி வெளியவே பின்னால போகுது, விமானத்தைத் தள்றதுல பெரும்பங்கு அந்த வெளிக்காத்துதான், உள்ள எரியறது முக்கியமா இந்த பேனைச் சுத்தி உடறதுக்குன்னு அடுக்குனேன். அப்பறம் ஒரு பிளேடைப் புடிச்சு ஆட்டிக் காட்டுனேன். பிளேடெல்லாம் நடுச்சக்கரத்துல வெட்டியிருக்கற காடியில லொடலொடன்னுதான் உக்காந்திருக்கும், மெதுவாச் சுத்துனா டக் டக்குனு தட்டும், வேகமெடுத்தாத்தான் வெளிய இழுபட்டு இறுகி நிக்கும். கையால சுத்திக் காட்டுனேன், நல்லாத் தட்டுச்சு. பேனைப் புடிச்சு நிறுத்திட்டு அவர்கிட்ட வேலை வாய்ப்பைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன்.

"சார், அதுவே சுத்துது"ன்னுச்சு தாரணி.

ஆமாங்க, சுத்துச்சு, கையால தள்ளுன மாதிரி மெதுவா. காத்தடிச்சிருக்கும்பீங்க. காத்துன்னே வெச்சுக்கங்க. ஆனா ஒரு தட்டுகூடக் கேக்கலை. அவ்வளவு மெதுவாச் சுத்தறப்ப அந்த பிளேடுக தட்டாம இருக்கவே முடியாது. முழு வேகத்துல பறக்கற இஞ்சின்லதான் அப்படி இறுகி நிக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் அது சும்மா சுத்தற பேன். "சுவிச்சு எங்கீங்க இருக்குது?"ன்னு அவரு சாவகாசமாக் கேக்கறாரு. அது நடக்கவே கூடாததுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

ஓடிட்டேனுங்க. ஓடுனதுகூடப் பரவால்லை, போற போக்குல ஷட்டரை இழுத்து உட்டுட்டேன், அப்பனும் மகளும் உள்ள இருக்கறப்பவே. நெனச்சா இப்பவும் நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருக்குது.

வாட்ச்மேன்தான் தொறந்து உட்டாரு. "பாம்புங்க"ன்னு வாயில வந்த பொய்யைச் சொன்னேன். தாரணியோட அப்பா கோவிக்கலை. "பாம்புன்னா எங்களையும் ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாமுங்க"ன்னாரு. அப்பறம் மக பக்கம் திரும்பி, "வேண்டாஞ் சாமி. இந்த வாத்தியாரை நம்பி உன்னைய உட முடியாது, வேற படிப்பு பாத்துக்கலாம்"னாரு. அந்தப் புள்ளை என்னையவே பாத்துட்டு நின்னுச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

இப்ப அதே காலேஜ்லதான் கம்ப்யூட்டர் படிக்குது. போன வாரம் கேண்டீன்ல வந்து மெதுவாக் கேட்டுச்சு, "அன்னைக்கு நெசமா எதுக்கு சார் ஓடுனீங்க? நல்லாத்தான சுத்துச்சு?" ஒரு புள்ளையோட ஆசையவே கெடுத்தவன், அதுக்கு நெசத்தைச் சொல்லிருக்கணும். டீ ஆறுதும்மான்னு சொல்லி நழுவிட்டேன்.

கேண்டீன்ல பேசுன அன்னைக்குச் சாயந்தரமே லேபுக்குத் தனியாப் போயி அந்த பேன் பிளேடுகளை ஒவ்வொண்ணாப் புடிச்சு ஆட்டிப் பாத்தேனுங்க. ஒண்ணுகூட அசையலை, முழு வேகத்துல பறக்கறப்ப மாதிரி இறுகிக் கெடந்துச்சு. பேன் நின்னுட்டுத்தான் இருந்துச்சு.