தண்ணீர் மேல் நின்ற ஊசி

செஞ்சிக் கடைவீதிக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்துக்கு இருதயமேரி இருபத்தாறு வருஷம் தண்ணீர் சுமந்தாள். மலையடிக் கிணற்றிலிருந்து நாளைக்குப் பன்னிரண்டு குடம். குடத்தைத் தூக்கத் தெரியும், இறக்கத் தெரியும். உள்ளே இருப்பதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. யார்தான் யோசிக்கிறார்கள்? நீங்கள் யோசித்ததுண்டா?

யுத்த காலத்தில், நாற்பத்து மூன்றில், சுந்தரமூர்த்தி என்றொரு வாத்தியார் அங்கே வந்தார். மீசை சரியாக முளைக்காத வயசு, தற்காலிக வேலை. உப்புக் கரைத்த தண்ணீரில் முட்டையை மிதக்கவிடுவார். விளக்கெண்ணெயையும் தண்ணீரையும் சீசாவில் போட்டுக் குலுக்கி, இரண்டும் மறுபடி பிரிந்து நிற்கும்வரை பிள்ளைகளைக் காக்கவைப்பார். வராந்தாப் பானையை நிரப்புகிற சாக்கில் மேரி ஜன்னலோரம் நின்றுவிடுவாள். இடுப்புக் குடத்தை இறக்கவேண்டும் என்ற நினைப்பே வராது.

ஒருநாள் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, சின்னத் தாள் துண்டின்மேல் தையல் ஊசியை வைத்து மிதக்கவிட்டார். தாள் ஊறி அடியில் போயிற்று. ஊசி போகவில்லை. தண்ணீருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத தோல் மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் தாங்குகிறது என்றார் வாத்தியார். மேரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். ஏசுவை நோக்கிக் கடல்மேல் நடக்கப்போன சீடர் இராயப்பரே பயந்து முழுகினார்; இந்த இரும்புத் துண்டு நிற்கிறதே! அதுவும் அவள் கொண்டுவந்த தண்ணீரில். இத்தனை நாளும் இந்த அதிசயத்தையா இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தோம் என்று அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

தலைமை ஆசிரியர் இளையபெருமாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. மனப்பாடம் பண்ணவைக்காமல் தண்ணீரில் விளையாடுகிற ஆளை எதற்கு வைத்துக்கொள்வது என்று மேலே எழுதிப்போட்டார். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அவர் வேண்டாம் என்றால் வாத்தியார் மூட்டையைக் கட்டவேண்டியதுதான் என்று பேச்சு. வாத்தியார் போனால் அந்த ஜன்னலில் அப்புறம் என்ன இருக்கும்?

தன்னால் ஆனதைச் செய்தாள். வெள்ளி காலையில் வராந்தாவில் இருந்த தாம்பாளத்தை எடுத்துப் பார்த்தால் ஒரே விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. சீயக்காயைக் கெட்டியாகக் கரைத்துப் பளபளவென்று தேய்த்தாள். அலசினால் வாசம் போய்விடும், பெரிய மனுஷர் வருகிற இடம் மணக்கட்டுமே என்று துணியால் மட்டும் துடைத்து வைத்தாள். பாவி, அங்கேதான் வினை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் அமர்ந்தார். வாத்தியார் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஊசியை வைத்தார். முழுகிற்று. மறுபடி வைத்தார். மறுபடியும் முழுகிற்று. மூன்றாம் தடவையும் அதே கதை. இளையபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஜன்னலில் நின்ற மேரி தாம்பாளத்து ஓரத்தில் ஒட்டியிருந்த நுரையைப் பார்த்தாள். எண்ணெய்த் தலையில் வெறும் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடும். சீயக்காய் பட்டால் அந்த வீம்பெல்லாம் போய் அப்படியே ஊறிவிடும். சனிக்கிழமைதோறும் தலை முழுகுகிறவளுக்கு இது தெரியாதா? வாயைத் திறந்தால் அவள் வேலை போகும். திறக்காவிட்டால் வாத்தியார் போவார். அவள் குடத்தோடு வகுப்புக்குள் நுழைந்தாள். அந்த வாசப்படியை அவள் தாண்டியது அதுதான் முதல் தடவை.

"ஐயா, தப்பு என்னுது. சீக்கா போட்டுத் தேய்ச்சேன், அலசாம வுட்டுட்டேன். அதான் தண்ணி எளகிப்போச்சி."

வெளியே போ என்று இளையபெருமாள் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேரி தாம்பாளத்தைக் கழுவினாள், இன்னும் இரண்டு தடவை கழுவினாள், புதுத் தண்ணீர் ஊற்றினாள். வாத்தியார் ஊசியை வைத்தார். நின்றது.

"சீயக்காய்தான்னு எப்படிம்மா நம்புறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

காலையில் துடைத்த துணி ஈரம் காயாமல் அவள் தோளிலேயே கிடந்தது. அதை முறுக்கிப் பிழிந்து, ஓரமாக ஒரே ஒரு சொட்டு விட்டாள். ஊசி யாரோ தள்ளிவிட்டாற்போல் விலகி ஓடியது. ஓடி, சத்தமில்லாமல் முழுகிற்று.

பிள்ளைகள் எழுந்து எட்டிப்பார்த்தார்கள். அவளுக்கே நம்பமுடியவில்லை. அவள் கை விட்ட ஒரு சொட்டு அல்லவா! இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, முழங்காலில் கையூன்றி, தாம்பாளத்துக்குள் மூக்குப் படுகிற மாதிரி குனிந்து பார்த்தார். இப்படி ஒரு பாடத்தைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றும், இந்த வாத்தியார் இங்கேயே இருக்கட்டும் என்றும் நிமிராமலேயே சொன்னார். பிறகு மேரியைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி செய்யம்மா."

குடத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தது; அது அன்றைக்குப் பன்னிரண்டாவது குடம். கிணற்றுக்குப் போக அவள் குடத்தை எடுத்தாள். நீ இரு என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தலைமை ஆசிரியர் பக்கம் திரும்பினார்.

அன்றைக்குப் பதின்மூன்றாவது குடத்தைச் சுமந்துவந்தவர் இளையபெருமாள்.